மணிலாவின் ஞாயிறு மேசை

ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் பிலிப்பைன்ஸ் நாடு, ஆசியாவிலேயே கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் நாடு என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். அதன் தலைநகராகிய மணிலாவில் சில நாட்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பழைய கோட்டைக்குள் நிற்கும் சான் அகுஸ்தீன் ஆலயத்தைப் பற்றியும், கியாப்போவில் கறுத்த நாசரேயரை நோக்கி முழந்தாளில் நகரும் பக்தர்களைப் பற்றியும் எழுதியோர் பலர். நாம் இங்கே எழுத விரும்புவதோ, அந்நகரத்துக் குடும்பங்கள் ஞாயிறு நண்பகலில் எங்கே அமர்ந்து உண்கின்றன என்பதைப் பற்றி.

அவை பேரங்காடிகளில் உண்கின்றன. ஒரு கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான கடைகளும் உணவகங்களும் அடங்கிய குளிரூட்டப்பட்ட மாளிகைகள் அவை. சீனத்தின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து சிறுவனாக வந்து சேர்ந்த ஹென்றி சை என்பவர் 1958-இல் மணிலாவில் ஒரு காலணிக் கடை திறந்தார். அதிலிருந்து வளர்ந்ததே எஸ்.எம். என்னும் அங்காடி வரிசை. முதற் பேரங்காடி 1985-இல் கேசோன் நகரில் எட்சா நெடுஞ்சாலை ஓரத்தில் திறக்கப்பட்டது. சில மாதங்களுக்குள், 1986 பிப்ரவரியில், அதே நெடுஞ்சாலையில்தான் செபமாலையைக் கையிலேந்திய மக்கள் இராணுவ வண்டிகளை மறித்து நின்றனர். 1991-இல் மெகாமாலும், 2006-இல் கடலைத் தூர்த்த நிலத்தில் மால் ஆஃப் ஏசியாவும் எழுந்தன.

மக்கள் அங்கே திரள்வதற்குக் காரணம் ஆடம்பர மோகம் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. வெயிலோ நம் சித்திரை வெயிலுக்குச் சற்றும் இளைத்ததன்று. மழைக்காலமோ புயலோடு வருவது. வீடுகள் சிறியவை, நிழலுள்ள பொதுப் பூங்காக்கள் அரியவை. பத்துப் பேர் கொண்ட குடும்பம் ஒன்றாய் அமர்வதற்கு இலவசக் குளிர்ச்சியோடு வேறு இடம் ஏது? பணம் இல்லாதவரும் உள்ளே நுழைந்து உலவலாம். தமக்கு வாய்த்த அளவில் ஏதேனும் ஒன்றை வாங்கிப் பகிர்ந்துண்ணலாம்.

அவ்வாறு பகிர்ந்துண்பவற்றுள் முதலிடம் பெறுவது ஜாலிபீ என்னும் உணவகத்தின் பொரித்த கோழி. அதனோடு வருவது ரொட்டியன்று. காகிதத்தில் பொதிந்த ஒரு கட்டிச் சோறும் குழம்புமே. 1975-இல் குபாவோ என்னுமிடத்தில் ஐஸ்கிரீம் கடையாகத் தொடங்கி, வாடிக்கையாளர் சூடான உணவையே நாடுவதைக் கண்டு உணவகமாக மாறிய நிறுவனம் இது. 1981-இல் அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் வந்திறங்கியபோதும், தித்திக்கும் நூடுல்ஸையும் சோற்றையும் விடாது பற்றிக்கொண்டு தன் மக்களைத் தன்பால் நிறுத்திக்கொண்டது. அந்தத் தித்திப்பு நூடுல்ஸ் நம் நாவுக்கு ஒவ்வவில்லை என்பதை மறைப்பானேன்! ஆனால் பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளைகள் அதனை உண்ணும் வேகத்தைக் கண்டால் நம் அபிப்பிராயத்தை யாரும் கேட்கப் போவதில்லை என்பது விளங்கும்.

சோற்றின்மேல் அம்மக்களுக்குள்ள பற்று நம்மவர் பற்றுக்கு இம்மியும் குறைந்ததன்று. மாங் இனாசால் என்னும் உணவகம் 2003-இல் இலோய்லோ நகரில் தோன்றியது. கரியில் வாட்டிய கோழிக்குக் கேட்கக் கேட்கச் சோறு போடுவதே அதன் சிறப்பு. கலமன்சி என்னும் சிறு எலுமிச்சையைப் பிழிந்து, கோழி எண்ணெயைச் சோற்றின்மேல் ஊற்றி, கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே பிசைந்துண்போரை அங்கே கண்டபோது நமக்கு ஊர் நினைவு வந்தது. 2017-இல் செனட் உறுப்பினர் ஒருவர், நீரிழிவு பெருகுவதால் இவ்வாறு அளவின்றிச் சோறிடுவதைத் தடுத்தால் என்ன என்று கேட்டுவிட்டார். நாடே கொதித்தெழுந்தது. அவரும் தம் சொல்லை விரைவில் தணித்துக்கொண்டார்.

உணவு முடிந்தபின் வருவது ஹாலோ-ஹாலோ. 'கலகல' என்றால் நமக்குச் சிரிப்பு. 'ஹாலோ' என்றால் அவர்களுக்குக் கலப்பு. உயர்ந்த கண்ணாடிக் குவளையின் அடியில் பாகில் வெந்த பயறும் வாழைப்பழமும் பலாச்சுளையும் இடுகின்றனர். சர்க்கரைப் பனையின் காயும் (நுங்குக்கு ஒன்றுவிட்ட உறவு எனலாம்), தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்துத் திரட்டும் நாட்டா என்னும் கட்டியும் சேர்கின்றன. அவற்றின்மேல் சீவிய பனிக்கட்டி மலைபோல் எழும்ப, சுண்டக் காய்ச்சிய டப்பாப் பால் அதன்மேல் வழிந்தோடுகிறது. உச்சியில் ஊபே என்னும் ஊதாநிறக் களி. யாழ்ப்பாணத்தார் இராசவள்ளி என்று கூழ் காய்ச்சும் அதே கிழங்கு. வறுத்த பச்சரிசி அவல் சிறிது. ஓரத்தில் லெச்சே ஃபிளான் என்னும் முட்டைப் பால் கட்டி ஒரு துண்டு.

இந்தக் குவளைக்குள் ஒரு நாட்டின் வரலாறே கிடக்கிறது. இனிப்பிட்ட பயற்றைப் பனிக்கட்டியோடு விற்றவர்கள் போருக்கு முன் மணிலாவில் குடியிருந்த ஜப்பானியர் என்பர். பனிக்கட்டி மலிவானது, 1902-இல் அமெரிக்க ஆட்சியினர் அங்கே பனிக்கட்டித் தொழிற்சாலை கட்டிய பின்னர்தான். முட்டைக் கட்டி எசுப்பானியரின் கொடை. கோயில் கட்டும் சுண்ணாம்புச் சாந்தில் முட்டையின் வெண்கருவைக் கலந்தார்களாம். மிஞ்சிய மஞ்சட்கருவை வீணாக்க மனமின்றிப் பெண்கள் இப்பண்டத்தைச் செய்தார்களாம். எத்துணை உண்மையோ, பங்குக் கோயில் கட்டிப் பார்த்தவர்களுக்கு இக்கதை பிடிக்காமற் போகாது.

மேசையில் அமரும் முறையையும் சொல்ல வேண்டும். தாமதமாய் வந்து சேர்ந்த ஓர் இளைஞன் நேரே பாட்டியிடம் சென்று, அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்ட பின்னரே அமர்ந்தான். நம் ஊரில் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்வது போன்ற வழக்கம் இது. சிலுவை அடையாளம் வரையாது கரண்டியைத் தொட்டோரை நாம் அதிகம் காணவில்லை. உணவுச் சீட்டு வந்ததும் அந்தப் பாட்டி கைப்பையிலிருந்து ஓர் அட்டையைப் பெருமிதத்தோடு எடுத்து நீட்டினார். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறுபது வயது நிறைந்தோர் உண்ணும் உணவுக்கு 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு. உணவகத்தில் உண்பது குடும்பத்தைச் சிதைக்கும் என்று நம்மவர் சொல்வதுண்டு. பாட்டியின்றி அங்கே விருந்து தொடங்கவே இல்லை.

ஆயினும் பல மேசைகளில் ஓர் இடம் வெறுமையாகவே இருந்தது. அவ்விடத்தில் நீர்க்குவளையில் சாய்த்து வைத்த கைப்பேசி. அதன் திரையில் ரியாதிலிருந்தோ ஹாங்காங்கிலிருந்தோ ஒரு தாய், தன் மகன் கோழியைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏறக்குறைய 20 இலட்சம் பிலிப்பைன்ஸ் மக்கள் வெளிநாடுகளில் உழைக்கின்றனர். அவர்களுள் பெண்களே மிகுதி. அவர்கள் அனுப்பும் பணத்தைப் பெறும் நிலையங்களும் இதே பேரங்காடிகளில்தாம் உள்ளன. வளைகுடாவிலிருந்து பணம் வரும் குமரி, நெல்லைக் கடலோரக் குடும்பங்கள் இதனைப் புரிந்துகொள்ளும். அத்தாய் இல்லாததால் அந்த விருந்து. அந்த விருந்தில் அத்தாய் இல்லை. எதைக் கொடுத்து எதைப் பெற்றார்கள் என்று அந்த மேசையருகே நின்று கணக்குப் பார்க்க நமக்குத் துணிவு வரவில்லை.

சோற்றுக் கிண்ணத்தோடு மேசைக்கு மேசை ஓடும் இளைஞர்களின் கதை வேறு. ஆறு மாதம் பணியில் நிலைத்தால் அவர்களை நிரந்தரப் பணியாளராக ஏற்க வேண்டும் என்பது அந்நாட்டுத் தொழிற்சட்டம். ஆகவே ஐந்தாம் மாதத்திலேயே ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. 'எண்டோ' என்று அதற்குப் பெயர். அதனைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை 2019-இல் குடியரசுத் தலைவர் துத்தெர்த்தே தள்ளுபடி செய்தார்.

ஞாயிறன்றே அங்காடிக்கு வியாபாரம் மிகுதி. அன்று இவர்களுக்கு ஓய்வு ஏது? அதனால்தான் போலும், பேரங்காடிகளுக்குள்ளேயே சிற்றாலயங்கள் உண்டு. டிசம்பர் 16 முதல் நடைபெறும் கிறிஸ்து பிறப்பு நவநாள் திருப்பலிகளும் அங்கே உண்டு. மக்காத்தியில், கடைகள் சூழ்ந்த கிரீன்பெல்ட் பூங்காவின் நடுவே, சுவரில்லாத வட்டக் கூரையின்கீழ் ஓர் ஆலயம் இருக்கிறது. நாம் அங்கே மாலைத் திருப்பலியில் கலந்துகொண்டபோது, உணவகச் சீருடையோடு இரு இளம்பெண்கள் கடைசித் தூணருகே நின்றிருந்தனர். நற்கருணை பெற்றதும் ஒருத்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இருவரும் ஒரு காலை மடக்கி வணங்கி, தலையில் வலைத்தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டே விரைந்தனர். இரவு உணவுக் கூட்டம் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது.