உறைநீரும் உயிரும்

மேற்குமலைத் தொடரின் மடியில் தொட்டில்போல் அமைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே ஏலமலை; கிழக்கே மேகமலை; இடையே முல்லைப் பெரியாற்று நீர் பாய்கின்றது. மேற்கு நோக்கி ஓடிக் கடலிற் கலந்த அந்நீரைப் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். 1895-ஆம் ஆண்டில் அப்பணி நிறைவேறிற்று. அதன்பின் இங்கே நெல்லும் வாழையும் செழித்தன. திராட்சைப் பந்தல்களும் எழுந்தன. கம்பத்துப் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

இப்பள்ளத்தாக்கில் நீர் உறைவதில்லை. மார்கழி விடியலிற் புல்நுனியில் துளி நிற்கும், அவ்வளவே. மலைமேலுள்ள மூணாற்றிலும் கொடைக்கானலிலுமோ, சில இரவுகளில் உறைபனி விழும். மறுநாள் வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்துகள் தீப்பட்டவைபோற் கருகி நிற்கும். தமிழில் பனி என்னும் சொல்லின் பொருட்பரப்புப் பெரிது. இலைமேல் துளித்து நிற்பதும் பனி. மலைமேற் புகைபோற் படர்வதும் பனி. இமயத்தில் இறுகிக் கிடப்பதும் பனியே. பெரும்பொழுதுகள் ஆறனுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்ட முன்னோர், ஆலங்கட்டியாய் வானினின்று விழுந்தபொழுதன்றி, உறைந்த நீரைக் கையில் எடுத்துப் பார்த்தல் அரிது.

உறைபனியை அறியாத இந்நிலத்துக் கனிகள், விளைந்தபின் குளிரைத் தேடிச் செல்கின்றன. தொலைநகர்களுக்குக் கெடாது சென்று சேரவேண்டுமாயின், அவை குளிரூட்டிய அறைகளிலும் வண்டிகளிலும் இருத்தல் வேண்டும். ஒரே வாய்க்கால் நீரை உண்டு வளர்ந்தும், திராட்சையும் வாழையும் குளிரை ஏற்கும் முறையில் வேறுபடுகின்றன. திராட்சை 0 டிகிரி செல்சியசு அளவிலும் கேடின்றி இருக்கும். அதன் சாற்றிற் கரைந்துள்ள சர்க்கரை, உறைநிலையை மேலும் கீழே தள்ளிவிடுகின்றது. வாழைக்காயோ 13 டிகிரிக்குக் கீழே சில நாள் இருப்பினும் நோயுறும். தோல் மங்கிக் கருகும். காய் செவ்வனே பழுக்காது. இத்தனைக்கும் அங்கே ஒரு துளி நீரும் உறைந்திலது! உயிரணுவைச் சூழ்ந்த மெல்லிய சவ்விலுள்ள கொழுப்பு இறுகி, சவ்வு தன் தொழிலை இழத்தலே இதற்குக் காரணம் என்பர் அறிஞர். குளிரறையின் அளவு சில டிகிரி பிறழ்ந்தால், உழவரின் ஓராண்டு உழைப்பு வீணாதல் கூடும்.

உறைதலால் வரும் கேடு இதனினும் கொடிது. திராட்சைக் குலையொன்றைக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஓரிரவு வைத்து வெளியே எடுத்தால், கல்போல் இருந்த கனி சிறிது நேரத்திற் குழைந்து சாறொழுகும். நீர் பனிக்கட்டியாகும்பொழுது நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவிற் பெருகும் என்பது பலரும் அறிந்ததே. ஆயினும், அப்பெருக்கம் ஒன்றே காரணமன்று. திசு மெல்ல உறையுமாயின், உயிரணுக்களுக்கு வெளியேயுள்ள இடைவெளிகளில் முதலிற் பனிப்படிகங்கள் தோன்றும். அவை அணுக்களின் உள்நீரை ஈர்த்துத் தாம் வளரும். அணுக்கள் நீரிழந்து சுருங்கும். சற்று விரைந்து உறையுமாயின், படிகங்கள் அணுவினுள்ளேயே பிறந்து சவ்வுகளைக் கிழிக்கும்.

இவற்றை நுட்பமாகக் காண்பது எளிதாயிருக்கவில்லை. 1931-ஆம் ஆண்டிற் பெர்லின் நகரில் எர்ன்ஸ்ட் ருஸ்கா, மாக்ஸ் நோல் என்னும் இருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வழிகோலினர். ஒளிக்கு மாற்றாக எலக்ட்ரான் கற்றையைக் கொண்டு காண்பது அக்கருவி. காற்றில் அக்கற்றை சிதறுமாதலின், கருவியினுள் வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்தில் வைத்த ஈரப்பொருளின் நீரோ ஆவியாகிவிடும். எனவே, எதனையும் உலர்த்திய பின்னரே காண நேர்ந்தது. வற்றலைப் பார்த்துக் காயின் வடிவை உரைப்பது போன்ற நிலை அது. உறையவைத்துக் காணலாமே எனின், படிகங்கள் பொருளைச் சிதைத்துவிடும்.

இவ்விடருக்கு வழிகண்டவர் ழாக் துபோசே என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர். 1980-களின் தொடக்கத்தில், செருமனியின் ஐடல்பர்கு நகர ஆய்வகத்தில், அவரும் அவர்தம் குழுவினரும் நீரின் மெல்லிய படலத்தை, திரவ நைட்ரஜனாற் குளிர்வித்த ஈத்தேனுள் விரைந்து அமிழ்த்தினர். நொடிக்கு நூறாயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட வேகத்தில் நீர் குளிர்ந்தது. படிகமாய் அணிவகுக்க நீரின் மூலக்கூறுகளுக்கு நேரம் கிட்டவில்லை. நின்ற நிலையிலேயே நின்றுவிட்டன. இங்ஙனம் உண்டாவது கண்ணாடி போன்ற உறைநீர். ஏறத்தாழ −135 டிகிரிக்குக் கீழே வைத்திருக்கும்வரை அது படிகமாவதில்லை. துபோசேவும், யோவாகிம் பிராங்க், ரிச்சர்டு எண்டர்சன் ஆகியோரும் 2017-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசைப் பெற்றனர். சிதம்பரத்திற் பிறந்து, 2009-இல் அதே பரிசைப் பெற்ற வெங்கடராமன் இராமகிருட்டிணனும் பின்னாளில் இம்முறையைக் கையாண்டார். இத்தகைய நுண்ணோக்கிகள் இன்று பெங்களூரிலும் இயங்குகின்றன.

இலை, கனிச்சதை போன்ற தடித்த திசுக்களோ இதற்கு எளிதில் இணங்குவன அல்ல. குளிர் நடுவே சென்று சேர்வதற்குள் அங்கே படிகம் பிறந்துவிடும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரண்டாயிரம் மடங்கு அழுத்தம் கொடுத்து உறையவைத்தால், ஒரு மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்குத் தடிமன்வரை கண்ணாடிபோல் உறையச் செய்யலாம். இனிப் படிகத்தையே காண விரும்புவோர், மெல்ல உறைந்த இலையை அக்குளிரிலேயே முறித்து, முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் வைப்பர். இடைவெளிகளிற் பனிக்கட்டி பாறைபோல் நிற்பதும், அருகே அணுக்கள் மடிந்து சுருங்கிக் கிடப்பதும் அங்கே தெளிவுறத் தோன்றும்.

உறைதல் பற்றிய இவ்வறிவு வாழைக்கே துணையாய் வந்து நிற்பது வியப்பன்றோ? உண்ணும் வாழையில் முளைக்கும் விதை இல்லை. நெல்லைப்போல் விதையைச் சேர்த்துவைத்து ஓர் இனத்தைக் காத்தல் இயலாது. கன்றை நட்டு நட்டே காக்கவேண்டும். இன்று தேனி மாவட்டத் தோட்டங்களிற் பரவலாக நிற்பது திசு வளர்ப்பில் வந்த கிராண்ட் நைன் வாழை. அவையனைத்தும் ஓரினத்தின் படிகளாதலின், ஒன்றை வீழ்த்தும் நோய் மற்றவற்றையும் வீழ்த்தவல்லது. அண்டைப் பழனிமலைச் சாரலின் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் பெரிதும் அழித்தது. பழைய இனங்கள் மறைந்துவிட்டால், நோய் தாங்கும் புதிய இனத்தை எதிலிருந்து உண்டாக்குவது?

பெல்ஜியம் நாட்டு லூவன் நகரில் 1985-இல் தொடங்கிய வாழைக் கருவூலத்தில் 1,500-க்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. அவற்றுட் பலவற்றின் குருத்து நுனிகள் −196 டிகிரியில், திரவ நைட்ரஜனுள் இருக்கின்றன. 13 டிகிரியிற் காய் கருகும் அதே வாழை, அக்கடுங்குளிரில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கின்றது! ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள நுனியைச் சர்க்கரையும் கிளிசராலும் முதலியன கலந்த கரைசலில் ஊறவைத்து, அலுமினியத் தகட்டில் துளியோடு ஏந்தி, நைட்ரஜனுள் இடுவர். படிகத்திற்கு இடமில்லை, நீர் கண்ணாடியாகிவிடும். மீட்கும்பொழுதும் மெல்ல உருகவிடலாகாது. உருகும் வழியிற் படிகம் பிறந்துவிடும். ஆகவே, சர்க்கரைக் கரைசலிற் சட்டென இட்டு உருக்கி, முதலில் இருளில் வைத்து, பின்னர் ஒளிக்குக் கொணர்வர். எல்லா நுனிகளும் பிழைப்பதில்லை. பிழைத்தவை சில வாரங்களிற் பச்சை காட்டும்.