காரணம் சொன்னால் குறைந்தா போகும்?

வீட்டுக்கு வெள்ளையடிக்க வருகிறவர்கூட, "இந்தச் சுவரில் விரிசல் இருக்கிறது, பூசிவிட்டு அடிக்கவேண்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஏணியைச் சாத்துகிறார். நாம் பணம் கொடுத்து வாங்கி, நம் மேஜையின்மேல் வைத்து, நம் மின்சாரத்தில் ஓட்டுகிற கம்ப்யூட்டருக்கு மட்டும் இந்தச் சாமானிய மரியாதை தெரிவதில்லை. காலையில் திறந்தால், "அப்டேட் நடைபெறுகிறது, யந்திரத்தை அணைக்காதீர்" என்று உத்தரவு போட்டுக்கொண்டு நிற்கிறது. என்ன அப்டேட், யார் கேட்டார்கள், எதற்காக? ஒன்றுக்கும் பதில் இல்லை. அரைமணி கழித்துக் கண் விழித்ததும், "சில குறைகள் களையப்பட்டன, சில அபிவிருத்திகள் செய்யப்பட்டன" என்று ஒரு வரி காட்டும். எந்தக் குறை, எந்த அபிவிருத்தி என்பது தேவரகசியம்!

இதை வெறும் சலிப்புப் பேச்சு என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். சென்ற பரீட்சைக் காலத்தில், காலை ஒன்பது மணிக்கு அச்சாகவேண்டிய வினாத்தாள் அந்த யந்திரத்துக்குள் சிறையிருந்தது. விடுதலையான பிறகோ தமிழ் எழுத்துகளைத் தட்டும் முறையே மாறியிருந்தது. கடைசிக் கேள்வியைத் திருத்த வழியின்றித் தவித்தோம். வகுப்பில் அறுபது பிள்ளைகள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

துவாக்குடிவாசிகளான நமக்கு இந்த மௌனம் இன்னும் விந்தையாகத் தோன்றுகிறது. பக்கத்துத் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தார் 1965 முதல் கொதிகலன்கள் செய்து வருகிறார்கள். துவாக்குடித் தொழிற்பேட்டையில் பல பட்டறைகள் அந்த வேலையை நம்பியே வளர்ந்தவை. கொதிகலன் விஷயத்தில் 1923ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு விதி செய்தது: பதிவான கொதிகலனின் அமைப்பில் தலைமை இன்ஸ்பெக்டரின் எழுத்து மூலமான அனுமதியின்றி எந்த மாறுதலும் செய்யலாகாது. மாற்றுகிறவர் எதை மாற்றுகிறோம் என்று எழுதவேண்டும். இன்னொருவர் அதைப் படிக்கவேண்டும். நீராவியோடு விளையாடக் கூடாது என்பது இங்குள்ள தொழிலாளி ஒவ்வொருவருக்கும் தெரியும்.

"கம்ப்யூட்டர் என்ன, வெடிக்கவா போகிறது?" என்று சிலர் கேட்கலாம். வெடிக்காது, ஆனால் வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் வைத்தியக் குறிப்பு எல்லாம் இன்று அதற்குள்ளேதான் இருக்கின்றன.

திருத்தமே வேண்டாம் என்று நாம் வாதிக்கவில்லை. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2017 மார்ச்சிலேயே வெளியிட்டார்கள். அதைப் போட்டுக்கொள்ளாத யந்திரங்களில் அதே வருஷம் மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் கிருமி புகுந்து, 150 தேசங்களுக்குமேல் பரவி, தஸ்தாவேஜுகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்டது. ஆகவே திருத்தம் மருந்து போன்றது. ஆனால் என்ன வியாதிக்கு என்று சொல்லாமல் வாயைத் திறந்து ஊற்றினால், நோயாளி அடுத்த வேளைக்கு வாயை மூடிக்கொள்வான். காரணம் அறியாதவர் "பிறகு ஆகட்டும்" என்று ஒத்திப்போடுகிறார்; ஆபத்து அங்கேதான் நுழைகிறது.

நல்ல காரணம் இருந்தும் சொல்லாததால் வந்த வினையும் உண்டு. 2017 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனியார் ஐபோன்களுக்கு அனுப்பிய ஒரு திருத்தம், பாட்டரி தளர்ந்த போன்களின் வேகத்தைக் குறைத்தது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கவே அப்படிச் செய்ததாக அவர்கள் டிசம்பரில் விளக்கி, மன்னிப்பும் கேட்டார்கள். போன் மந்தமானதைக் கண்டவருக்குப் பாட்டரியை மட்டும் மாற்றினால் போதும் என்று அதற்குமுன் தெரிய வழியில்லை. 2020 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி பிரான்ஸில் 2½ கோடி யூரோ அபராதம் செலுத்த நேர்ந்தது. போன் வைத்திருந்தோருக்கு விஷயத்தைத் தெரிவிக்காததே அங்கு குற்றமாயிற்று.

சொல்லுவது முடியாத காரியமும் இல்லை. சென்னையில் ஸீ-டாக் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ், டெபியன் என்னும் பொதுவுடைமை மென்பொருளின்மேல் எழுந்தது. டெபியனில் ஒவ்வொரு மென்பொருளோடும் ஒரு குறிப்பேடு வரவேண்டும் என்பது விதி: என்ன மாறியது, எந்தத் தேதியில், மாற்றியவர் யார். சம்பளமின்றி உழைக்கும் தொண்டர்கள் எழுதும் நாலு வரியைக் கோடி கோடியாக லாபம் ஈட்டுவோர் எழுதக் கை வலிக்குமா?

1930 மார்ச் 12 அன்று உப்புச் சட்டத்தை மீறப் புறப்படுமுன், மார்ச் 2 அன்றே காந்தியடிகள் வைஸ்ராய் இர்வின் பிரபுவுக்குக் கடிதம் எழுதி, தாம் செய்யப்போவது என்ன, ஏன் என்று விளக்கினார். எதிர்த்தரப்புக்கே காரணம் சொன்ன தேசம் இது. விலை கொடுத்து வாங்கியவர் அதைக் கேட்டால் அதிகப்பிரசங்கம் ஆகுமா?

நாம் கேட்பது மூன்றே: மாறியது எது என்று தமிழில் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள், நேரத்தை எங்களிடம் விடுங்கள். பரீட்சையன்று காலை மட்டும் வேண்டாம்!