பொருந்துவதெல்லாம் பொருத்தமன்று

கணினியின் உறுப்புகளுள் மிகக் குறைவாக ஆராய்ந்து வாங்கப்படுவது மின்வழங்கிதான். கடைத்தெருவில் அதற்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். செயலி குறித்தும் வரைகலை அட்டை குறித்தும் வாரக்கணக்கில் விவாதிக்கும் ஆய்வு மாணவர்கள்கூட, இதனை 'எத்தனை வாட்?' என்ற ஒற்றைக் கேள்வியோடு முடித்துக்கொள்வதைக் காண்கிறேன். வடாலாவில் என் அறையில் ஒரு மேசைக்கணினியைச் சீரமைத்தபோது, அக்கேள்வியைக் கடந்து செல்ல வேண்டிய தேவை எனக்கு இருந்தது.

மும்பைத் தமிழரின் பேச்சுவழக்கு என் ஆய்வுப்பொருள். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தாராவியில் குடியேறிய முதியோர் சிலரின் உரையாடல்களை மூத்த ஆய்வாளர் ஒருவர் பல்லாண்டுகளுக்கு முன் பதிவு செய்திருந்தார். அவை அடங்கிய வன்தட்டை அண்மையில் என்னிடம் ஒப்படைத்தார். அதற்கு வேறு படி இல்லை. பேசியவர்களுள் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை. படியெடுப்பதற்காகவே கணினியைச் சீரமைத்தேன். ஊர் மாறிச் சென்ற நண்பர் ஒருவர் தம் 650 வாட் மாடுலர் மின்வழங்கியைக் கொடுத்துச் சென்றிருந்தார்.

சாதாரண மின்வழங்கியில் கம்பிகள் பெட்டியோடு நிலையாக இணைந்திருக்கும். மாடுலர் வகையில் வேண்டிய கம்பிகளை மட்டும் செருகிக்கொள்ளலாம். கணினிப் பெட்டிக்குள் நெரிசல் குறையும், காற்றோட்டம் கூடும். நண்பர் தந்ததில் '80 பிளஸ் கோல்டு' முத்திரையும் இருந்தது. 115 வோல்ட் சோதனையில், 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில் முறையே 87, 90, 87 விழுக்காடு செயல்திறன் என்பது அதன் பொருள். 250 வாட் தேவைப்படும் கணினிக்கு, 80 விழுக்காட்டுத் திறனுள்ள மின்வழங்கி சுவரிலிருந்து ஏறத்தாழ 312 வாட் இழுக்கும். 90 விழுக்காட்டுத் திறனுள்ளது 278 வாட் இழுக்கும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் இயங்கினால் ஆண்டுக்கு நூற்றிருபது யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஆயினும் அம்முத்திரை செயல்திறனுக்கு மட்டுமே சான்று. மின்னழுத்தம் நிலையாக இருக்குமா, எந்தக் கம்பி எதற்குரியது என்பவற்றை அது சொல்லாது.

வன்தட்டுக்குரிய சாட்டா கம்பி மட்டும் அந்தப் பெட்டியில் இல்லை. கிராண்ட் ரோடு நிலையத்தருகே லாமிங்டன் சாலைக் கடையொன்றில் கேட்டேன். கடைக்காரர் வேறொரு மின்வழங்கியின் கம்பியை எடுத்துச் செருகிக் காட்டினார். “எல்லாம் ஒன்றுதான், பாய். பாருங்கள், பொருந்துகிறது” என்றார் இந்தியில். உண்மையிலேயே சிக்கென்று பொருந்தியது. வன்தட்டை இணைக்காமல், மின்வழங்கியை மட்டும் இயக்கி, கம்பியின் மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்து அளக்கச் சொன்னேன். 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தது. அவர் முகம் மாறியது. ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை, கண்ணை நம்பினார், அவ்வளவே. அந்தக் கம்பியில் வன்தட்டை இணைத்திருந்தால் அதன் மின்சுற்று அந்த நொடியே கருகியிருக்கும்.

காரணம் எளியது. இன்டெல் 1995இல் அறிமுகப்படுத்திய ஏ.டி.எக்ஸ். தரநிலை, தாய்ப்பலகையை நோக்கிய முனையில் எந்தத் துளையில் எது வரவேண்டும் என்று வரையறுக்கிறது. மாடுலர் கம்பி மின்வழங்கியில் செருகப்படும் முனைக்கு அத்தகைய பொதுவிதி இல்லை. அது உற்பத்தியாளரின் விருப்பம். ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகள்கூட வேறுபடலாம். முன்பு மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட் என்று நிறமாவது காட்டிக்கொடுத்தது. இன்றைய மாடுலர் கம்பிகளோ பெரும்பாலும் முழுக்கக் கறுப்பு.

மொழியியல் மாணவருக்கு இது புதிய செய்தியன்று. இதே மும்பையில், இதே தேவநாகரி எழுத்தில், 'சிக்ஷா' என்ற சொல் இந்தியில் கல்வியைக் குறிக்கிறது. மராத்தியில் தண்டனையைக் குறிக்கிறது. எழுத்தில் வேறுபாடு இல்லை. எம்மொழிக்குரியது என்று அறியாதவரை பொருளும் இல்லை. வடிவ ஒற்றுமையைப் பொருள் ஒற்றுமைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்று முதலாண்டில் கற்கும் பாடம் இங்கும் செல்லும்.

ஆகவே, பழைய மாடுலர் மின்வழங்கியை மதிப்பிடுவோர், அந்த மாதிரிக்கே உரிய கம்பிகள் முழுமையாக இருக்கின்றனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பச்சைக் கம்பிக்குரிய துளையையும் கறுப்புக் கம்பிக்குரிய துளையையும் ஊக்கால் இணைத்து விசிறி சுழல்வதைக் காட்டுவது, அது உயிரோடிருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. சுமை ஏற்றிய நிலையில் 12 வோல்ட் என்பது 11.4 முதல் 12.6 வரையிலும், 5 வோல்ட் என்பது 4.75 முதல் 5.25 வரையிலும் இருக்க வேண்டும். பெட்டியைத் திறக்கவே கூடாது. மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

நண்பரிடமிருந்து உரிய கம்பி அஞ்சலில் வந்துசேர ஒன்பது நாள்கள் ஆயின. அளந்தேன், இணைத்தேன், குரல்கள் அனைத்தும் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. கம்பிகள் ஒவ்வொன்றிலும் மின்வழங்கியின் மாதிரிப் பெயரைத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இது என்னிடமிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது, அவர் ஊகிக்க வேண்டியதில்லை.