விளையாட்டு வினையாதல்

விளையாட்டு வினையாகும் என்பது நம் நாட்டு முதியோர் வாக்கு. சிறார் கல்லெறிந்து மண்டையை உடைத்துக்கொள்ளுங்கால் கூறப்படும் இவ்வாக்கு, இக்காலத்தே கணினிவழி ஆடப்பெறும் கதைவிளையாட்டுகளுக்குப் பொருந்துமாறு பிறிதொன்றற்கும் பொருந்துவதில்லை எனலாம். ஏனெனில், அவற்றுள் விளையாட்டே வினையாயிருக்கின்றது. தலைமகன் இன்னது செய்தான் என ஆசிரியன் எழுதி முடித்துவைக்க, நாம் பின்னிருந்து படிப்பது நாவல். கதைவிளையாட்டிலோ தலைமகன் கவர்த்த வழியில் வந்து நிற்பான். எவ்வழிச் செல்வதென ஆடுவோன் துணியும்வரை கதை நகராது.

திரைப்படம் கண்டு வந்தவன், 'அவன் அம்மனிதனைச் சுட்டுவிட்டான்' எனப் படர்க்கையிற் கூறுவான். ஆடி எழுந்தவனோ, 'நான் அவனைச் சுட்டுவிட்டேன்' எனத் தன்மையிற் கூறுவான். விடுதி அறைகளில் எவரும் இதனைச் செவியாரக் கேட்கலாம். இலக்கணம் பயில்வோர்க்கு இவ்வேற்றுமை ஒன்றே போதிய சான்றாகும், வினைமுதல் மாறிவிட்டது. மாறவே, வினையின் பயன் யாரைச் சாரும் என்னும் வினாவும் உடனெழுதல் இயல்பே.

இவ்விளையாட்டுகளைக் குறித்து நம் சபைப் பெரியோர் கூறும் குறை ஒன்றுண்டு. குருதியும் கொலையும் நாணமற்ற காட்சிகளும் அவற்றுள் மலிந்துள்ளன என்பர். அது பொய்யன்று. வட அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டு ஏற்பட்ட தரமிடும் அமைப்பு, இத்தகைய ஆட்டங்கள் பலவற்றை 17 வயது நிரம்பியோர்க்கே உரியனவெனக் குறியிட்டு வருகின்றது. ஆயினும் அக்குறி அளப்பது குருதியையும் ஆடைக்குறைவையும் இழிசொல்லையுமே. மனச்சான்றின்மேல் ஏற்றப்படும் சுமையை அளக்க அதனிடம் கோல் இல்லை. பின்னர் யான் விரித்துரைக்கும் ஆட்டமொன்று பத்து வயதினர்க்கும் தகும் எனக் குறியிடப்பட்டுள்ளது. அதனினும் முதிர்ந்த வினாவை எழுப்பும் ஆட்டத்தை யான் கண்டிலேன்.

நன்மை தீமைகளைக் கணக்கெழுதிக் காட்டும் ஆட்டங்களை முதற்கண் ஒதுக்கிவிடலாம். 2008-இல் வெளிவந்த 'ஃபால்அவுட் 3' என்பதில், அணுப்போரால் பாழான நாட்டிலே, மெகாடன் என்னும் சிற்றூரின் நடுவே வெடியாத குண்டொன்று கிடக்கின்றது. அதனை வெடிக்கச் செய்து ஊரையே சாம்பலாக்கலாம். செய்தால் ஆடுவோன் கணக்கில் ஆயிரம் குறையும். வழியில் இரந்து நிற்பானுக்குத் தூயநீர் ஒரு குப்பி கொடுத்தால் ஐம்பது கூடும். ஆக, இருபது குப்பி நீரில் ஓர் ஊரின் குருதி கழுவப்பட்டுவிடும்! பிலாத்துவுக்குக்கூட இத்துணை எளிதிற் கை தூய்மையாகவில்லை.

இதனின் முற்றிலும் வேறானது 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்பது. லூக்காஸ் போப் என்பவர் தனியொருவராய் ஆக்கி 2013-இல் வெளியிட்டது. ஆர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியிலே, 1982-ஆம் ஆண்டின் இறுதியில், ஆடுவோன் ஒரு சிற்றலுவலன். வருவோர் தாள்களை ஆராய்ந்து உள்ளே விடுவதோ மறுப்பதோ அவன் தொழில். பிழையின்றி ஆய்ந்து முடித்த ஆளொருவர்க்கு ஐந்து காசு கூலி. மாலையானால் வீட்டுவாடகை, உணவு, குளிர்காய வெப்பம், நோயுற்றோர்க்கு மருந்து. மனைவி, மகன், மாமியார், மாமன் என நால்வர் அவன் கையை நோக்கியிருக்கின்றனர். ஒருநாள் கணவன் ஒருவன் வருகின்றான். தாள்கள் செம்மையாயுள்ளன. தன் பின்னால் வரும் மனைவியினிடத்தில் இரக்கங் காட்டுமாறு வேண்டிச் செல்கின்றான். அவள் வருகின்றாள்; நுழைவுச் சீட்டு இல்லை; திரும்பிச் சென்றால் தன்னைக் கொன்றுவிடுவர் என்கின்றாள்.

ஆட்டம் அறிவுரை ஒன்றும் உரைப்பதில்லை. புண்ணியக் கணக்கும் அங்கில்லை. நாளொன்றில் முதலிரண்டு தவறுகட்கு எச்சரிக்கைத் தாள் மட்டுமே வரும். மூன்றாவது முதல் கூலி பிடிக்கப்படும். ஆகவே, இழப்பின்றி இரக்கங் காட்ட நாளொன்றுக்கு இருமுறை இயலும். ஆனால் கவனக்குறைவால் நேரும் பிழைகளும் அவ்விரண்டிலிருந்தே கழிகின்றன. இவ்வாசிரியரின் நுண்மை இங்கேதான் விளங்குகின்றது. சாவடியில் இருப்பவன் கொடியவனாயிருக்க வேண்டுவதில்லை, களைத்தவனாயிருந்தாற் போதும். அன்று முற்பொழுதில் இரண்டு தாள்களைச் சரிவரப் பாராமல் விட்டவன், அப்பெண் வந்து நிற்கும்பொழுது அவள் முகத்தில் தன் மகனுக்குரிய மருந்தின் விலையைக் காண்கின்றான். நல்ல சமாரியனைக் குறித்த உவமையில், விலகிச் சென்ற ஆசாரியனையும் லேவியனையும் நாம் எளிதில் இகழ்ந்துவிடுகின்றோம். அவர்கட்கும் அன்று மாலை கொடுத்துத் தீர்க்கவேண்டிய வாடகை இருந்திருக்கக்கூடும் என்று என்னை எண்ணச் செய்தது எந்தப் பிரசங்கமும் அன்று, இச்சாவடியே.

எனினும், இவ்வகை ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் ஒரு புழைக்கடை வாயில் உண்டு. ஆட்டத்தை இடையிற் சேமித்துவைத்து, விளைவு கசந்தால் சேமித்த இடத்திற்கே மீளலாம். இறந்தவன் எழுவான், சொன்ன சொல் வாய்க்குள் திரும்பும். பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு இவ்வாயில் கிட்டியிருப்பின் சிலப்பதிகாரம் நமக்குக் கிட்டியிராது. எனக்கு அச்சந் தருவது குருதியன்று, இவ்வாயிலே. மீளுதல் மனந்திரும்புதலைப் போலத் தோன்றும். ஆயின் அதற்கு நேர்மாறானது. மனந்திரும்பியவன், தான் செய்ததைச் சொல்லி நிற்கின்றான். மீண்டவனோ, செய்யவேயில்லை என்று நிற்கின்றான்.

போலந்து நாட்டினர் 2015-இல் வெளியிட்ட 'விட்சர் 3' இவ்வாயிலைத் தொலைவால் அடைக்க முயல்கின்றது. மரமொன்றின் அடியிற் சிறைப்பட்ட ஆவி, தன்னை விடுவித்தால் அநாதைக் குழந்தைகளைக் காப்பதாகச் சொல்லும். விடுவித்தால் குழந்தைகள் பிழைப்பர்; ஆனால் ஓர் ஊர் அழியும்; பின்னர் வேறொரு குடும்பத்தின் தாய் இறப்பாள், கணவன் தூக்கிட்டுக்கொள்வான். இவையனைத்தும் தெரியவருமுன் ஆடுவோன் நெடுந்தூரம் சென்றிருப்பான். மீண்டால் அத்துணை உழைப்பும் வீண். சோம்பலை அறத்திற்குக் காவல் வைத்தது போலும் இவ்வேற்பாடு. காவலனும் சிற்சில வேளை உறங்குவான் அல்லனோ?

அவ்வாயிலையே வினாவாக்கியது 'அண்டர்டேல்'. அமெரிக்கரான டோபி ஃபாக்ஸ் பெரும்பகுதி தாமே ஆக்கி 2015-இல் வெளியிட்டார். பத்து வயதினர்க்கும் தகுமென யான் முன்னர்ச் சுட்டியது இதுவே. பூதங்கள் அடைபட்டு வாழும் பாதாளத்திலே ஒரு மனிதக் குழந்தை விழுகின்றது. டோரியல் என்னும் பூதத்தாய் அதனைப் பேணித் தின்பண்டம் சுட்டுத் தருகின்றாள். குழந்தை புறப்பட எண்ணுங்கால், வெளியிலுள்ள இடருக்கு அஞ்சி வழிமறிக்கின்றாள். போர் மூளுகின்றது. அடியாமல் பன்முறை பொறுத்து நின்றால் அவளே வழிவிடுவாள். அப்பொறுமையின் பயன் உடனே தோன்றாமையால் அவளைக் கொன்றுவிடுவோர் பலர். அவர் வருந்தி, சேமித்த இடத்திற்கு மீண்டு, இம்முறை அவளை வாழவிட்டுக் கடந்து செல்வர். அப்பால் மஞ்சள் மலரொன்று நகைத்துக்கொண்டு நிற்கும். முன்பு அவளைக் கொன்றதைத் தான் அறிந்திருப்பதாகச் சொல்லும். ஏடு அழிந்தது, சாட்சி அழியவில்லை.

பூதங்கள் யாவரையும் தேடித்தேடிக் கொன்று முடித்தோர்க்கு நேர்வது இன்னும் கொடிது. உலகம் அழிந்து இருள் மட்டும் எஞ்சும். மீண்டும் உலகம் வேண்டுமெனில் ஆன்மாவை ஈடாகத் தருமாறு ஒரு குரல் கேட்கும். தந்தால் உலகம் மீளும். ஆயின் அதன்பின் எத்துணை அருளோடு ஆடி அனைவரையும் காத்தாலும், இறுதிக் காட்சியில் அப்பழங்கறை தோன்றியே தீரும். கணினியுள் மறைந்துள்ள கோப்புகளைத் தேடியழித்துக் கறைபோக்குவாரும் உளர். அது பத்திரத்தைச் சுரண்டுதலன்றி வேறென்ன?

பேதுருவை எண்ணிப் பார்க்கின்றேன். அவர் ஆண்டவரை மும்முறை மறுதலித்த செய்தியை நான்கு சுவிசேஷகரும் எழுதிவைத்தனர். திருச்சபையின் தூணாயிற்றே என்று ஒருவரேனும் அதனை விட்டுவிடவில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவரும் அவ்விரவை இல்லையென்று ஆக்கவில்லை. கடற்கரையிலே அவரை அன்பைக் குறித்து மும்முறை வினவினார். 'அண்டர்டேல்' கறையைக் காத்துவைக்கக் கற்றிருக்கின்றது. கறைபட்டவனை வினவி ஏற்றுக்கொள்ளும் கடற்கரையொன்றை அதனால் அமைக்க இயலவில்லை. இஃது அவ்வாட்டத்தின் குறையோ, ஆட்டம் என்னும் வடிவத்திற்கே உரிய எல்லையோ என்பதை எம் வகுப்பினர் பலநாள் வாதித்தும் முடிவு காணவில்லை.

ஒருவரையும் கொல்லாது ஆடி நன்முடிவு கண்டவர், பிறிதொரு நாள் அவ்வாட்டத்தைத் திறப்பின், அதே மஞ்சள் மலர் வந்து நிற்கும். இம்முறை ஏளனம் இராது. எல்லாரும் இப்பொழுது மகிழ்ந்திருக்கின்றனர் என்றும், அம்மகிழ்ச்சியை அழித்துத் தொடக்கத்திற்குக் கொண்டுசெல்லும் ஆற்றல் ஆடுவோனிடமே எஞ்சியுள்ளது என்றும், அவர்களை வாழவிடவேண்டும் என்றும் அது மன்றாடும். அம்மன்றாட்டுக்குச் செவிசாய்த்து, காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தை அதன்பின் ஒருநாளும் திறவாதிருக்கும் மாணவர் ஒருவர் எம் விடுதியில் உள்ளார்.