காலி வண்டி

ஷாக்கப்சர் என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். பாரத்தையும் குழியில் விழும் அடியையும் வாங்குவது பெரும்பாலும் ஸ்பிரிங் பட்டைகள்தான். அடி வாங்கிய பட்டை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கப்சரின் வேலை. குழாய்க்குள் எண்ணெய், ஒரு பிஸ்டன், அதில் சின்னத் துளைகள். எண்ணெய் துளை வழியாகப் பிதுங்கும்போது ஆட்டம் சூடாக மாறித் தீர்ந்துபோகும். அதனால்தான் ஓடி வந்து நின்றதும் ஷாக்கப்சர் வெதுவெதுப்பாக இருக்கும். எங்கள் வண்டியின் பின்பக்கம் ஒன்று சில்லென்று இருந்தது. கசிந்த எண்ணெயில் புழுதி வேறு அப்பியிருந்தது.

2011 மாடல் பிக்கப். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளிப் பெட்டிகளோடு போகும்போது அவ்வளவாகத் தெரியாது. காலியாகத் திரும்பும்போதுதான் குதிக்கும். அப்பா ஒவ்வொரு வேகத்தடைக்கும் சீட்டைவிட்டு லேசாக எழும்பிக்கொள்வார். அவருக்கு இடுப்பு போய்விட்டது. ஆறு மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். ஓட்டாவிட்டால் அடுப்பு எரியாது. வேறு வண்டி வாங்கவும் வழியில்லை.

மெக்கானிக் அண்ணன் இன்னொரு பட்டை சேர்க்கலாம் என்றார். எங்கள் பக்கம் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து. லோடு ஏற்றினால் வண்டி உட்காராது, உண்மைதான். ஆனால் காலியாக வரும்போது இன்னும் விறைத்துக்கொள்ளும்.

"லோடு வண்டிக்கு லோடுதான பாப்பா முக்கியம்?"

"பாதி நேரம் அது காலி வண்டிதானண்ணே."

அவர் சிரித்தார். பட்டை சேர்க்கவில்லை.

கடையில் சாதா எண்ணெய் ஷாக்கப்சரையும், நைட்ரஜன் வாயு அடைத்ததையும் காட்டினார்கள். மோசமான ரோட்டில் பிஸ்டன் வேகமாக ஏறி இறங்கும்போது எண்ணெய் நுரைத்துவிடும். நுரையால் பிஸ்டனைப் பிடித்து நிறுத்த முடியாது. வாயுவின் அழுத்தம் நுரைக்காமல் பார்த்துக்கொள்ளும். "கேஸ் போட்டா லோடு நல்லா தூக்கும்" என்றார் கடைக்காரர். லோடு தூக்குவது அதன் வேலையே இல்லை, ஆனாலும் வாயு அடைத்ததையே எடுத்தேன். ரொம்ப விறைப்பான ஹெவி டூட்டி வகை வேண்டாம் என்றுவிட்டேன். பின்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் அடங்கும், மறுபக்கம் ஆடும்.

பழைய போல்ட் துருப்பிடித்து, கழற்றவே ஒரு மணிநேரம் ஆனது. பூட்டும்போது அண்ணன் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது. ஜாக்கியை இறக்கி, வண்டி தன் எடையில் நின்ற பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக முறுக்கினார். தொங்கவிட்டே முறுக்கினால் உள்ளேயிருக்கும் ரப்பர் புஷ் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடுமாம்.

அப்பாவின் வலி போய்விடவில்லை. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். ஆனால் திரும்பி வரும் வழியில் இப்போது பாட்டுப் போடச் சொல்கிறார். முன்பக்க ஜோடியையும் மாற்ற வேண்டும். தக்காளி விலை கொஞ்சம் ஏறட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.