வழி கேட்ட குருவும் வழி மறித்த மக்களும்

பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு வடக்கே ஏறக்குறைய 35 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர் ஆர்ஸ். ஊருக்கு வெளியே சாலையோரத்தில் ஒரு சிலை நிற்கிறது: அங்கி தரித்த குரு ஒருவர், அவரருகே ஆடு மேய்க்கும் சிறுவன். 1818 பெப்ருவரியில் இப்பங்கிற்குக் கால்நடையாக வந்த ஜான் மரிய வியான்னி, பனிமூட்டத்தில் பாதை தெரியாது அச்சிறுவனிடம் வழி கேட்டார். ஆர்சுக்கு வழி காட்டியவனுக்குத் தாம் விண்ணகத்திற்கு வழி காட்டுவதாக வாக்களித்தார். மேய்ப்பர் தம் மந்தையிடம் முதலில் பேசியது கட்டளையன்று, கேள்வி.

அன்று அவ்வூரில் வாழ்ந்தோர் ஏறக்குறைய 230 பேர். கோவில் வெறிச்சோடிக் கிடந்தது, மதுக்கடைகளுக்கோ குறைவில்லை. புதிய குரு வீடு வீடாகச் சென்றார். விளைச்சலையும் பிள்ளைகளின் நலத்தையும் விசாரித்த பின்னரே ஞான காரியங்களைப் பேசினார்.

ஆயினும் உறவு உடனே மலர்ந்துவிடவில்லை. குடியையும் நடனத்தையும் கண்டித்த அவர்மேல் சிலர் அவதூறு பரப்பினர். அவரிடத்திலும் கடுமை இருந்தது. தொடக்க காலப் பிரசங்கங்கள் கேட்போரை அச்சுறுத்தின. ஆண்டுகள் செல்லச் செல்ல, இறைவனின் அன்பே அவருடைய பிரசங்கத்தின் பொருளாயிற்று. மக்களும் மாறினர், குருவும் கனிந்தார்.

இன்று ஆர்ஸ் செல்லும் திருப்பயணிகள், பேராலயத்தோடு இணைந்து நிற்கும் அந்தப் பழைய கோவிலையும், நாள்தோறும் நெடுநேரம் அவர் அமர்ந்திருந்த பாவசங்கீர்த்தனத் தொட்டியையும், அவருடைய எளிய இல்லத்தையும் காணலாம். அவ்வில்லத்தைவிட்டு நீங்கிவிட அவர் பன்முறை முயன்றார் என்பது வியப்புக்குரியது. தம்மைத் தகுதியற்றவரென எண்ணி, தனிமையில் தவம் புரிய விழைந்தார். 1843-இல் தம் சொந்த ஊருக்குப் போனார். மக்கள் தேடிச் சென்றனர், அவரும் திரும்பினார். 1853-இல் ஓர் இரவு மீண்டும் புறப்பட்டார். ஆலய மணி ஒலித்தது. உறக்கம் கலைந்து ஓடிவந்த ஊரார் வழிமறித்து மன்றாடினர். குரு திரும்பிவந்து பாவசங்கீர்த்தனம் கேட்க அமர்ந்தார். 1859 ஆகஸ்டு 4-ஆம் நாள் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். 1929-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவரைப் பங்குக் குருக்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே! பங்குத்தந்தையிடம் குறை கண்டவுடன், மாற்றம் வேண்டி ஆயருக்கு விண்ணப்பம் எழுத நம் கை விரைகிறது. அவரைக் கண்டு மனம்விட்டுப் பேசினோமா? அவருக்காக ஒருநாளேனும் செபித்தோமா? குருக்களும் நம் வீட்டு வாசலில் நின்று நலம் கேட்கட்டும். வழி கேட்கத் தயங்காத மேய்ப்பரும், அவரை இழக்க மனமில்லாத மந்தையும் உள்ள இடமெல்லாம் ஆர்ஸ்தான்.