திருச்சிக்காரர்களின் அக்கரைக் கடன்

திருச்சியின் சம்பளக்காரக் குடும்பங்கள் இரண்டு தலைமுறைக்கு முன்புவரை பெரும்பாலும் முகம் தெரிந்தவர்களிடம்தான் கடன் வாங்கின. பொன்மலை ரயில்வே பணிமனையிலும், 1960-களில் திருவெறும்பூர்ப் பக்கம் எழுந்த பெல் ஆலையிலும், துப்பாக்கித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர்களுக்குக் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்கள் கைகொடுத்தன. தவணையைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். கூட வேலை பார்ப்பவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். சங்கத்துக்கு வெளியே ஏலச்சீட்டு, புரோநோட்டு, அடகுக்கடை. சீட்டைத் தள்ளி எடுத்தவர் மீதித் தவணைகளை ஒழுங்காகக் கட்டுவார் என்பதற்கு அவர் குடியிருந்த தெருவே உத்தரவாதம். ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் கடன் இருப்பது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது குடும்பக் கௌரவம். கடனில்லாமல் ஓய்வு பெறுவது வாழ்நாள் சாதனை.

இந்த மனநிலையோடு வெளிநாடு போனவர்கள் எல்லோருக்கும் கடன் ஒரே முகத்தைக் காட்டவில்லை. 2015-இல் நடந்த தமிழ்நாட்டுப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, மாநிலத்திலிருந்து வெளிநாட்டில் இருந்தவர்களை ஏறத்தாழ 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, அமெரிக்கா ஆகியவை முன்வரிசை நாடுகள். திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் நேரே பறக்கலாம். அந்த விமானங்களுக்கான வரிசையில் நிற்கும் இளைஞர்களில் பலர் பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தார். அவர்களுக்குக் கடன் பயணத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஏஜெண்டுக்குக் கொடுக்கும் பணம், கட்டுமான வேலைக்கான ஸ்கில் டெஸ்ட் பயிற்சி, டிக்கெட் எல்லாம் சேர்ந்து லட்சங்களைத் தொடும். நிலம் அடகுக்குப் போகும், அம்மாவின் நகை வங்கிக்குப் போகும், மிச்சத்துக்கு ஊரில் இரண்டு வட்டி, மூன்று வட்டி.

மூன்று லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கியவருக்கு மாத வட்டி மட்டும் ஒன்பதாயிரம். ஆண்டுக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. அதனால் சிங்கப்பூரில் முதல் வருடம் முழுவதும் அவர் உழைப்பது ஊரிலுள்ள கடன்காரருக்காகத்தான். ஓ.டி. கிடைத்தால் கடன் குறையும், மழையில் வேலை நின்றால் வட்டி ஏறும். சாப்பாட்டுக்கு மாதக் கேட்டரிங், கைபேசிக்கு ரீசார்ஜ், ஞாயிற்றுக்கிழமை தேக்கா பகுதியில் நண்பர்களோடு ஒரு தேநீர். இவை தவிர மீதி சிங்கப்பூர் வெள்ளியெல்லாம் ஊருக்குப் போய்விடும். செலவைக் கட்டுப்படுத்த இவருக்கு எந்த நிதி ஆலோசகரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கனத்தில் கரைகண்டவர்கள் என்றால் அங்கே தொழிலாளர் விடுதி அறைகளில் இருப்பவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சட்டம் இவர்களை மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. சிங்கப்பூரில் ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் மாதத்துக்கு 4 சதவீதத்துக்கு மேல் வட்டி கேட்கக் கூடாது என்பது 2015 அக்டோபரிலிருந்து விதி. இந்தியாவிலும் ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என்று உச்சவரம்பு உண்டு. ஆனால் பணம் கைமாறுவது பெரும்பாலும் ரசீது இல்லாமல், துணை ஏஜெண்டு வழியாக, இரண்டு நாட்டுச் சட்டங்களுக்கும் நடுவில். போதாக்குறைக்கு, குறிப்பிட்ட பிரிவினர் குடியேற்ற அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும் என்று இந்தியா வைத்திருக்கும் 18 நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் வளைகுடா நாடுகளும் உண்டு, சிங்கப்பூர் இல்லை. வேலைக்குப் போகிறவரே வேலைக்கு விலை கொடுக்கும் இந்த ஏற்பாடு அநியாயம். அதை ஊர் வழக்கம் என்று ஏற்றுக்கொண்டதுதான் அதைவிடப் பெரிய அநியாயம்.

இன்னொரு வழி, 1964-இல் தொடங்கப்பட்டு இன்று என்.ஐ.டி. ஆகிவிட்ட வட்டாரப் பொறியியல் கல்லூரி, புனித வளனார் கல்லூரி, ஜமால் முகமது கல்லூரி போன்றவற்றில் படித்தவர்கள் போனது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்தில் அவர்கள் உதவித்தொகையை நம்பி, கையில் சில டாலர்களோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். பெரிய கடன் கிடையாது. அங்கே போனதும் அதுவே குறையாகப் போனது. வாடகை வீடு, கார், கைபேசி இணைப்பு எதைக் கேட்டாலும் முதலில் பார்ப்பது கடன் வரலாற்றை. கடனே வாங்காதவருக்கு வரலாறும் கிடையாது. முன்பணம் கட்டி, அந்த அளவுக்குள் மட்டும் செலவழிக்கும் கடன் அட்டை ஒன்றை வாங்கி, மளிகைக்கும் பெட்ரோலுக்கும் தேய்த்து, மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிக்கொண்டே வந்தால் மெல்ல ஒரு மதிப்பெண் உருவாகும்.

1989-இல் வந்த ஃபைகோ மதிப்பெண் 300 முதல் 850 வரை. தவணை தவறாமல் கட்டியதற்கு 35 சதவீதம், இப்போது எவ்வளவு கடன் இருக்கிறது என்பதற்கு 30, கடன் பழக்கத்தின் வயதுக்கு 15, மீதி புதுக் கடன்களுக்கும் கடன் வகைகளுக்கும். வருமானமோ சேமிப்போ இந்தக் கணக்கில் இல்லை. பழைய அட்டையை ரத்து செய்தால்கூட மதிப்பெண் இறங்கலாம். கடனை அடைத்துக் கணக்கை மூடுவதே ஒழுக்கம் என்று வளர்ந்தவருக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. பத்து வருடமாக ஒன்றாம் தேதி தவறாமல் ஸ்ரீரங்கத்திலிருக்கும் பெற்றோருக்குப் பணம் அனுப்பியவருடைய ஒழுங்கு அந்த மதிப்பெண்ணில் ஏறவே ஏறாது. வங்கிக்கு வேண்டியது கடனைக் கட்டும் ஒழுங்கு மட்டுமே. அதைத் தெரிந்துகொண்டு அந்த எண்ணைக் கருவியாக மட்டும் வைத்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். அதைத் தம் தகுதி என்று நம்பியவர்கள் வீட்டுக் கடன், கார் கடன், அட்டைக் கடன் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள்.

வீட்டுக் கணக்கும் மாறியது. திருச்சியில் சம்பளத்தை அம்மா மளிகை, பால், பள்ளிக் கட்டணம் என்று பிரித்து வைத்தார். அமெரிக்காவில் சம்பளம் இரு வாரத்துக்கு ஒருமுறை, வரியும் ஓய்வுக்காலச் சேமிப்பும் பிடித்தம் போக வருகிறது. வாடகை அல்லது முப்பது வருட வீட்டுக் கடன், காப்பீடுகள், குழந்தைக் காப்பகம் என்று நீளும் பட்டியலில் ‘ஊர்’ என்று தனித் தலைப்பு இருக்கும். தங்கையின் கல்யாணம், அப்பாவின் மருத்துவம், கோயில் கைங்கர்யம் எல்லாம் அதற்குள். கணவன் மனைவிக்குள் அதிகம் பேசப்படுவதும் சில வீடுகளில் பேசப்படாமலே போவதும் அந்தத் தலைப்புதான்.

சீட்டும் தமிழர்களோடு கூடவே பயணப்பட்டது. லண்டனிலும் டொராண்டோவிலும் ஈழத்தமிழர்கள் வங்கி தராத முதலைச் சீட்டுப் பிடித்துத் திரட்டினார்கள். மலேசியாவில் ‘கூட்டு’ என்ற பெயரில் நடந்ததை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. கடனில் மூழ்கியவரை நடத்தும் விதமும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் திவால் மனு போட்டவர் பெயரில் அது பத்து வருடம் வரை பதிவாக நிற்கும், ஆனால் அவர் வேலைக்குப் போகலாம், தெருவில் நடக்கலாம். திருச்சியில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவரின் மகளுக்கு வரன் கிடைப்பது கஷ்டம். அமீரகத்தில் பணமில்லாமல் காசோலை திரும்புவது 2022 வரை பொதுவாகக் குற்ற வழக்கு. கடன்பட்டவர் ஊர் திரும்ப முடியாமல் பயணத் தடையில் சிக்குவதும் உண்டு.

அக்கரைப் பணம் திருச்சியையும் மாற்றியது. ரிசர்வ் வங்கியின் ஆய்வின்படி 2023-24-இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணத்தில் ஏறத்தாழ 28 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுக்கு வந்த பங்கு சுமார் 10 சதவீதம். ஸ்ரீரங்கத்தில் பழைய ஓட்டு வீடுகளும் தோப்புகளும் இருந்த இடங்களில் எழுந்த அடுக்குமாடிகளில் பல, பிள்ளைகள் வாங்கிப் பெற்றோர் குடியிருப்பவை. இங்கேயும் சிபில் கடன் மதிப்பெண் வந்தாயிற்று, கைபேசியிலேயே கடன் வந்தாயிற்று. கடனுக்கு வெட்கப்பட்ட தெருக்களில் இ.எம்.ஐ. சாதாரணப் பேச்சு. வெளிநாட்டில் கடன் வந்தபோது கூடவே ஒழுங்குமுறைச் சட்டமும் மாதாந்திர அறிக்கையும் வந்தன. இங்கே கடன் மட்டும் முந்திக்கொண்டது. சேமிப்பும் பத்திரமாக இல்லை. 2023-இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நகைக்கடை நிறுவனம் கிளைகளை மூடியபோது, அதன் திட்டங்களில் பணம் போட்டிருந்தவர்கள் போலீசில் புகார் கொடுக்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

படித்தவர்கள் கடனில்லாமல் புறப்பட்ட காலமும் முடிந்துவிட்டது. இன்று முதுகலைப் படிப்புக்கு அமெரிக்கா போகும் மாணவர் பல லட்ச ரூபாய்க் கல்விக் கடனோடு போகிறார். பெரிய தொகைக்கு வங்கி சொத்து ஈடு கேட்பதால் அப்பாவின் வீட்டுப் பத்திரம் அங்கே இருக்கிறது. படிப்பு முடிந்து ஓராண்டும், அறிவியல், தொழில்நுட்பப் படிப்பானால் கூடுதலாக இரண்டு ஆண்டுகளும் அங்கே வேலை பார்க்க அனுமதி. அதற்குப் பிறகு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்ட பிறகு அந்தக் குலுக்கலையும் நம்ப முடியவில்லை. விசா கிடைக்காமல் திரும்பும் மாணவர் டாலரில் அடைக்கலாம் என்று கணக்குப் போட்ட கடனை ரூபாய்ச் சம்பளத்தில் அடைக்க வேண்டும். பெரம்பலூர் இளைஞரின் நிலமும் ஸ்ரீரங்கத்து மாணவரின் வீடும் இப்போது ஒரே காரணத்துக்காக அடகில் இருக்கின்றன.